புரதத்தின் வடிவம் தெரிந்துவிட்டது, வேலையும் தெரிந்துவிட்டதா?

2024-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு புரதங்களுக்குப் போனது. பரிசில் பாதி, இயற்கையில் இல்லாத புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்துக் காட்டிய டேவிட் பேக்கருக்கு. மறுபாதி, ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும். 'அரை நூற்றாண்டுப் புதிர் தீர்ந்தது' என்ற தலைப்பை அப்போது எல்லோரும் பார்த்திருப்போம். 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த வடிவங்கள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

உடனே எழும் கேள்வி: வடிவமெல்லாம் தெரிந்துவிட்டால், நோய்களுக்கு மருந்து மளமளவென்று வந்திருக்க வேண்டாமா? ஏன் வரவில்லை?

தீர்ந்தது ஒரு கேள்விதான்: 'இந்தப் புரதம் மடிந்தால் எப்படி இருக்கும்?' செல்லுக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதில் ஓர் அசையாப் படம். இரண்டாவதற்கு அசைவு, நெரிசல், அக்கம்பக்கத்து மூலக்கூறுகள், நேரம் எல்லாமே தெரிய வேண்டும்.

## சங்கிலியும் மடிப்பும்

புரதம் என்பது அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. அமினோ அமிலங்களில் 20 வகை உண்டு. எந்த இடத்தில் எந்த வகை வர வேண்டும் என்பது டிஎன்ஏவில் மரபணுவாக எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஆர்என்ஏ நகலைப் படித்து ரைபோசோம் என்ற மூலக்கூறு இயந்திரம் சங்கிலியைக் கோக்கிறது. பாக்டீரியாவில் நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்கள் சேரும்.

எல்லா அமினோ அமிலத்துக்கும் முதுகெலும்புப் பகுதி கிட்டத்தட்ட ஒன்றுதான், பக்கக்கிளைதான் வேறு. சில பக்கக்கிளைகள் தண்ணீரோடு நன்றாகச் சேரும். சில தண்ணீரிலிருந்து ஒதுங்கும். செல்லுக்குள் எங்கு பார்த்தாலும் தண்ணீர் என்பதால், நீரை வெறுப்பவை உள்ளே ஒடுங்கிக்கொள்ள, நீரை விரும்புபவை வெளியே நிற்க, சங்கிலி சுருண்டு மடிகிறது. மடிப்பின் பெரும்பகுதியை இந்த ஒரே காரணம் விளக்கிவிடும். மீதியை ஹைட்ரஜன் பிணைப்புகளும் மின்னேற்ற ஈர்ப்புகளும் பார்த்துக்கொள்கின்றன.

இப்படி மடிவதற்கு வெளியிலிருந்து வரைபடம் எதுவும் தேவையில்லை என்று காட்டியவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சென். 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை அவர் யூரியா கலந்து முழுவதுமாகப் பிரித்துவிட்டார். அதன் குறுக்குப் பிணைப்புகளையும் உடைத்தார். நொதி செயலிழந்தது. அப்புறம் யூரியாவை மெல்ல நீக்கியதும் சங்கிலி பழையபடியே மடிந்து மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. ஆக, வடிவத்துக்கான தகவல் அமினோ அமில வரிசைக்குள்ளேயே இருக்கிறது. 1972-இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தகவல் வரிசையில் இருந்தாலும் அதிலிருந்து வடிவத்தைக் கணக்கிடுவது பெரும் பாடு. 1969-இல் சைரஸ் லெவின்தால் ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டினார். 100 அமினோ அமிலங்கள் உள்ள சங்கிலியில் ஒவ்வொன்றும் மூன்றே மூன்று நிலைகளை எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தச் சாத்தியங்கள் 3-இன் 100-ஆம் அடுக்கு. 5-க்குப் பின்னால் 47 சுழியங்கள் போட்டால் வரும் எண் அது. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஆனால் நிஜப் புரதங்கள் பல, நொடிக்கும் குறைவான நேரத்தில் மடிந்துவிடுகின்றன. எல்லா வழிகளையும் அவை தேடுவதில்லை. ஆற்றல் குறையும் திசையில் சரிந்து போகின்றன.

சாத்தியங்கள் எல்லாமே சாத்தியமும் இல்லை. முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்பதை ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வரைபடமாகத் தந்தார்கள். இன்றைக்கும் புதிதாக ஒரு புரத அமைப்பை யார் வெளியிட்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

## ஆல்ஃபாஃபோல்டு எதைச் சாதித்தது?

அதுவரை வடிவம் தெரிய ஆய்வகமே கதி. புரதத்தைப் படிகமாக வளர்த்து, எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறல் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிட வேண்டும். ஜான் கென்ட்ரூ 1958-இல் மயோகுளோபினின் வடிவத்தை முதன்முதலில் இப்படித்தான் வெளிக்கொண்டுவந்தார். 1971-இல் புரதத் தரவு வங்கி தொடங்கியபோது அதில் இருந்தவை 7 அமைப்புகள். 2020 வாக்கில் அது 1,70,000 அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் உழைப்பு இருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டைப் பாராட்டும்போது இந்தச் சேமிப்பையும் சேர்த்துத்தான் பாராட்ட வேண்டும். அது கற்றுக்கொண்ட பாடப்புத்தகமே இதுதான்.

அது கற்ற இன்னொரு பாடம் பரிணாமத்திலிருந்து வந்தது. ஒரே புரதம் பல உயிரினங்களில் சிறு சிறு மாற்றங்களுடன் இருக்கும். 30-ஆவது இடம் மாறும்போதெல்லாம் 95-ஆவது இடமும் சேர்ந்து மாறுகிறது என்றால், அவ்விரண்டும் மடிந்த நிலையில் அருகருகே தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று பெருத்தால் மற்றது சிறுத்து இடம் விட வேண்டுமே! ஆயிரக்கணக்கான வரிசைகளை ஒப்பிட்டால் யார் யாருக்குப் பக்கத்தில் என்ற பட்டியல் கிடைத்துவிடும். புரத வடிவங்களை யார் சரியாகக் கணிக்கிறார்கள் என்று பார்க்கும் கேஸ்ப் போட்டி 14-ஆவது முறையாக 2020-இல் நடந்தபோது, ஆல்ஃபாஃபோல்டு 2 எடுத்த இடைநிலை மதிப்பெண் 100-க்கு 92.4. ஆய்வக முடிவுக்கு இணையான துல்லியம் என்று சொல்லத்தக்க அளவு அது.

உண்மையிலேயே மகத்தான சாதனை. குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாடப்புத்தகத்தில் இருந்தவை பெரும்பாலும் படிகத்தில் உறைந்து நின்ற புரதங்கள்.

## அசையாப் படம் சொல்லாத நான்கு விஷயங்கள்

1. அசைவு.

கென்ட்ரூவின் மயோகுளோபினையே எடுத்துக்கொள்வோம். தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பது அதன் வேலை. ஆக்சிஜன் போய் ஒட்ட வேண்டிய இரும்பு அணு, ஹீம் என்ற வளையத்தின் நடுவில், புரதத்தின் உள்ளே புதைந்திருக்கிறது. படிக அமைப்பை உற்றுப் பார்த்தால் ஒரு விந்தை: வெளியிலிருந்து அந்த இரும்புவரை போக வழியே இல்லை. கதவு இல்லாத அறை அது. ஆனாலும் ஆக்சிஜன் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. எப்படி என்றால், நிஜத்தில் புரதம் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதுவதால் அதன் கிளைகள் ஆடுகின்றன, சுருள்கள் நெளிகின்றன. ஹீமின் மேல் நிற்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் பக்கக்கிளை அவ்வப்போது வெளிப்புறம் சாயும். அந்த நேரத்தில் வழி திறக்கும். படத்தில் தெரியாத அந்த ஆட்டம் இல்லையென்றால் மயோகுளோபினால் எந்தப் பயனும் இல்லை.

2. நெரிசல்.

பாடப்புத்தகப் படங்களில் செல்லின் உட்புறம் காலியாக, நான்கைந்து உருவங்கள் மிதப்பதுபோல் இருக்கும். நிஜம் அப்படி இல்லை. பாக்டீரியா செல்லுக்குள் ஒரு லிட்டர் அளவுக்கு 300 முதல் 400 கிராம் வரை பெரிய மூலக்கூறுகள் அடைந்திருக்கின்றன. ஈ.கோலை போன்ற சிறிய பாக்டீரியத்தில் சில பத்து லட்சம் புரதங்கள். அந்த நெரிசலில் ஒரு புரதம் நகரும் வேகம் வெறும் தண்ணீரில் இருப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு குறைவு. அப்படியும், செல் மிகச் சிறியது என்பதால், ஒரு சிறிய புரதம் ஒரு நொடிக்குள் பலமுறை செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும். யாரும் அதை ஓட்டிச் செல்வதில்லை, குருட்டு மோதல்கள்தான். தன் ஜோடி மூலக்கூறை அது 'தேடிப் போகிறது' என்று எழுதுவது வசதிக்காக. உண்மையில் எல்லாவற்றின்மீதும் மோதி, பொருந்துகிற இடத்தில் மட்டும் சற்று நேரம் ஒட்டி நிற்கிறது.

3. பக்கத்து மூலக்கூறு.

அரிவாள் செல் நோய் இதற்குத் தெளிவான சான்று. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் மாற்றம். நோயாளியின் ஹீமோகுளோபினையும் ஆரோக்கியமான ஒருவரின் ஹீமோகுளோபினையும் தனித்தனியே வைத்து வடிவம் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆக்சிஜனையும் ஏற்றிக்கொள்கிறது. பிறகு எங்கே கோளாறு?

குளுட்டாமிக் அமிலம் நீரை விரும்புவது. வேலின் நீரை வெறுப்பது. அந்த வேலின் புரதத்தின் வெளிப்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின் சற்றே வடிவம் மாறும். அப்போது பக்கத்து ஹீமோகுளோபினில், நீரை வெறுக்கும் குழி ஒன்று வெளிப்படும். வேலின் அதில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அதோடு இன்னொன்று, அதோடு இன்னொன்று என்று சேர்ந்து நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை உள்ளிருந்து நெட்டித்தள்ளி அரிவாள்போல் வளைத்துவிடுகின்றன.

இங்கே நெரிசலும் நேரமும் உள்ளே வருகின்றன. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் அடர்த்தி மிக மிக அதிகம். இழை உருவாகத் தொடங்குவதற்கு முன் ஒரு தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதம் அடர்த்தியைப் பொறுத்துத் தலைகீழாக மாறும்: அடர்த்தி கொஞ்சம் குறைந்தாலே தாமதம் பல மடங்கு நீளும். தந்துகிகளைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளும்வரை தாமதம் நீடித்தால் சிவப்பணு தப்பித்தது. ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து இதனால்தான் பலன் தருகிறது. அது வேலினைத் தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நமக்கு இருந்த ஹீமோகுளோபின் வகையை மீண்டும் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கிறது. இழையில் சேராத அந்த வகை கலந்ததும் நோய்க்கான ஹீமோகுளோபின் நீர்த்துப்போய், தாமதம் நீள்கிறது. ஒற்றைப் புரதத்தின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நோயையும் விளக்க முடியாது, இந்த மருந்தையும் விளக்க முடியாது.

4. வடிவமே இல்லாத பகுதிகள்.

மனிதப் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், நிலையான மடிப்பே இல்லாத நீண்ட பகுதிகள் இருக்கின்றன. புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் முன்பகுதி அப்படிப்பட்டது. தனியாக இருக்கும்போது நூல்போல் அலைகிறது. எம்டிஎம்2 என்ற புரதத்தோடு சேரும்போது மட்டும் சுருளாகிறது. இத்தகைய பகுதிகளை ஆல்ஃபாஃபோல்டு குறைந்த நம்பிக்கை மதிப்பெண்ணோடு காட்டும். படத்தில் தொங்கும் நாடாக்களைப் பார்த்து 'இதுதான் வடிவம்' என்று எடுத்துக்கொண்டால் தவறு.

## வேலைக்கான ஆற்றல்

குருட்டு மோதல்களால் மட்டும் ஒரு திசையில் வேலை நடக்காது. முன்னால் போகும் வாய்ப்பும் பின்னால் வரும் வாய்ப்பும் சமமாக இருந்தால் மொத்தத்தில் பூஜ்ஜியம். ஒரு திசையைப் பின்வாங்க முடியாதபடி பூட்ட ஆற்றல் செலவாக வேண்டும். செல்லில் அதற்கான பொது நாணயம் ஏடிபி மூலக்கூறு. மனித உடல் ஒரு நாளில் உடைத்து உருவாக்கும் ஏடிபி ஏறக்குறைய உடல் எடைக்கு ஈடாகும். கையிருப்பு மிகக் குறைவு. அதே மூலக்கூறுகள்தான் திரும்பத் திரும்பச் சுழற்சிக்கு வருகின்றன.

சரக்கு சுமக்கும் கைனசின் புரதம் ஏடிபி ஒன்றுக்கு 8 நானோமீட்டர் என்று ஒவ்வோர் அடியாக நடக்கும். ஒரு தலை ஊன்றி நிற்க, மற்றத் தலை வெப்ப அசைவில் அலைந்து அடுத்த பிடியைத் தொடுகிறது. எந்தத் தலை எப்போது விட வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை ஏடிபி முறைப்படுத்துகிறது.

அந்த ஏடிபியைத் தயாரிக்கும் புரதம் இன்னும் வியப்பானது. ஏடிபி சிந்தேஸ் என்பது சவ்வில் பதிந்த சுழலி. புரோட்டான்கள் அதன் வழியே பாயும்போது சவ்வுக்குள் இருக்கும் வளையம் சுழலும். வளையத்தோடு ஒட்டிய தண்டும் சுழலும். தண்டைச் சுற்றி நிற்கும் தலைப்பகுதியில் மூன்று பைகள். தண்டு திரும்பத் திரும்ப ஒவ்வொரு பையும் வாங்குவது, இறுக்குவது, விடுவது என்று மூன்று நிலைகளை எடுக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. இதில் பால் பாயர் கண்டுபிடித்த விஷயம் அன்றைக்குப் பலரும் நம்பாதது: இறுக்கிய பைக்குள் ஏடிபி உருவாவதற்குப் பெரிதாக ஆற்றல் வேண்டியதில்லை, உருவானதை விடுவிக்கத்தான் ஆற்றல் செலவாகிறது. ஜான் வாக்கர் வெளியிட்ட படிக அமைப்பில் மூன்று பைகளும் மூன்று நிலைகளில் நின்றது அதற்குப் பலமான ஆதாரம் ஆனது. இருவரும் 1997-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதே ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் சுழற்சியை நேரிலேயே பார்த்தார்கள். புரதத்தின் தலைப்பகுதியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினார்கள். தண்டின் நுனியில் ஒளிரும் ஆக்டின் இழையைக் கட்டினார்கள். தண்டைவிடப் பல நூறு மடங்கு நீளமான அந்த இழை, ஏடிபியை ஊற்றியதும் நுண்ணோக்கியின் கீழ் ஒரே திசையில் சுற்றத் தொடங்கியது. படிக அமைப்பு ஊகிக்க வைத்ததை அசைவு உறுதிப்படுத்தியது.

## மடிப்பு பிசகினால்

நெரிசலான இடத்தில் பாதி மடிந்த புரதம் ஆபத்தானது. நீரை வெறுக்கும் பக்கக்கிளைகள் வெளியே தெரிவதால் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டுவிடும். அன்ஃபின்சென் குடுவையில் பார்த்த ஒழுங்கு செல்லில் தானாக வந்துவிடாது. அதனால் துணைப்புரதங்கள் என்ற ஒரு கூட்டம் இருக்கிறது. புதிய சங்கிலிகளை மற்றவற்றோடு ஒட்டாமல் காப்பதும், சிலவற்றைத் தனி அறைக்குள் அடைத்து மடிய விடுவதும் அவற்றின் வேலை. அப்படியும் தேறாதவற்றின்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டி, புரோட்டியசோம் என்ற அழிப்பானுக்குச் செல் அனுப்பிவிடும்.

இந்தக் கண்காணிப்பு சில நேரம் அளவுக்கு மீறிப்போகும். நுரையீரலில் சளி கெட்டியாகத் தேங்கும் பரம்பரை நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, செல் சவ்வில் உப்பு அயனிகளுக்கு வழிவிடும், 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட சிஎஃப்டிஆர் புரதத்தில் 508-ஆவது இடத்து ஃபீனைல்அலனின் மட்டும் இல்லை. அந்தப் புரதம் செல் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால் ஓரளவு வேலை செய்யக்கூடியதுதான். சவ்வை எட்டுமுன்பே, மடிப்பு சரியில்லை என்று செல் அழித்துவிடுகிறது. வெப்பநிலையைக் குறைத்து வளர்த்த செல்களில் அதே புரதம் சவ்வுவரை வந்தது என்று 1992-இல் தெரிந்தது. மடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் மூலக்கூறு கிடைத்தால் போதும் என்ற நம்பிக்கை அதிலிருந்து வலுத்தது. மடிப்பைச் சரிசெய்யும் இரண்டு மருந்துகளும் சவ்வில் வழியைத் திறந்துவைக்கும் ஒன்றும் சேர்ந்த மும்மருந்துக் கலவை 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

## மருந்து தேடலில் இதன் பொருள் என்ன?

ரத்தப் புற்றுநோய் ஒன்றின் போக்கையே மாற்றிய இமாட்டினிப் மருந்து 2001-இல் அனுமதி பெற்றது. ஏபிஎல் என்ற நொதியின் குழியில் அது போய் அமர்கிறது. எஸ்ஆர்சி என்ற உறவுக்கார நொதியிலும் ஏறக்குறைய அதே குழி உண்டு. மருந்தோடு சேர்ந்த படிக அமைப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், மருந்து அமர்ந்திருக்கும் விதமும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஏபிஎல்லை அது பிடிக்கும் வலிமை ஆயிரம் மடங்குக்கும் மேல் அதிகம். படத்தைப் பார்த்து எவரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. பிணையும் வேகத்தை நேரடியாக அளந்தபோது காரணம் வெளிப்பட்டது: மருந்து உள்ளே வந்த பிறகு ஏபிஎல் மெதுவாக இன்னொரு நிலைக்கு மாறி அதை இறுக்கிக்கொள்கிறது. எஸ்ஆர்சியில் அந்த இறுக்கம் வலுவாக அமைவதில்லை.

கணித்த வடிவம் கையில் இருந்தால் மருந்து தேடும் வேலையில் முதல் கட்டம் வேகமாகிறது. எந்தக் குழியைக் குறிவைக்கலாம் என்று உடனே பார்க்கலாம். பல ஆண்டுப் படிக முயற்சி மிச்சம். அந்த மூலக்கூறு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும், வேறு எதோடெல்லாம் ஒட்டும், செல்லுக்குள் நுழையுமா, கல்லீரல் அதைச் சிதைத்துவிடுமா என்பதெல்லாம் இன்னமும் சோதனைக் குழாயிலும் உடலிலும்தான் தெரிய வேண்டும்.

2024-இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு 3, புரதத்தோடு டிஎன்ஏ, ஆர்என்ஏ, சிறு மூலக்கூறுகள் ஆகியவை சேர்ந்த நிலையையும் கணிக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் அது தருவதும் அசையாப் படமே. அசைவைக் கணிக்கும் மென்பொருள் வர வேண்டுமானால் அதற்கும் ஒரு பாடப்புத்தகம் வேண்டும். வடிவங்களுக்கு 1971-இலிருந்து சேர்த்துவைத்த தரவு வங்கி இருந்தது. அசைவுகளுக்கு அந்த அளவில் எதுவும் இல்லை. காந்த ஒத்ததிர்வு, ஒற்றை மூலக்கூறை ஒளிரவைத்துத் தொடர்வது, செல்லை உறையவைத்து மின்னணு நுண்ணோக்கியில் துண்டு துண்டாகப் பார்ப்பது என்று முறைகள் இருக்கின்றன. எல்லாமே நேரம் பிடிப்பவை, ஒவ்வொன்றும் வெவ்வேறு கால அளவில் நடப்பதை மட்டும் காட்டுபவை. பக்கக்கிளையின் ஆட்டம் நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கில் முடிகிறது. இமாட்டினிப்பை ஏபிஎல் இறுக்குவதோ நொடிக்கணக்கில் நடக்கிறது. இவ்வளவு விரிந்த இடைவெளியை ஒரே முறையில் அளக்கும் கருவி இன்னும் வரவில்லை.